எண்ணூர்ச் சாம்பலும் கிண்டிப் பக்கத்து மூன்று வாசல்களும்: எம்.எஸ்ஸி. எங்கே சேர்வது?

ஆடி கடைசி ஞாயிறு. தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவதே கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாவோடு திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா மணலியில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா எர்ணாவூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். பிளஸ் டூ வேதியியலை என்னிடம்தான் படித்தாள்.

பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் உலர்ந்த பொடி.

"காட்டுக்குப்பத்துல ஆயா வீட்டுக்குப் பின்னாடி, ஆத்தோரமா எடுத்தது மிஸ். காய வெச்சு டம்ளர் தண்ணியில போட்டேன். எல்லாம் அடியில போயிடுச்சு, கொஞ்சம் மட்டும் மேலயே மிதக்குது. ஏன்?"

அது அனல்மின் நிலையச் சாம்பல். நிலக்கரியில் கலந்திருக்கும் மண் உலைச் சூட்டில் உருகித் துளியாகும். சில துளிகளுக்குள் வாயு மாட்டிக்கொண்டு அப்படியே உறைந்துபோகும். உள்ளே வாயு மட்டுமே இருக்கும் கண்ணாடி உருண்டைகள் என்பதால் அவை மிதக்கின்றன. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: மீதிச் சாம்பலில் என்ன இருக்கிறது, அது மீனுக்குள் போகிறதா? இப்படிக் கேட்கிற பெண்ணை எம்.எஸ்ஸி.க்கு எங்கே அனுப்புவது என்று கேட்கத்தான் அம்மா வந்திருந்தார். கையில் போன். அதில் தரவரிசைப் பட்டியல்.

"இதுல எது பெருசோ அதுல சேத்துடலாமா டீச்சர்?"

அன்று அரைமணி நேரத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. வடசென்னையில் இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இவள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். அண்ணா பல்கலைக்கழகம். அல்லது கல்லூரியிலேயே முதுகலை, அதாவது இப்போது படிக்கும் இடமோ மாநிலக் கல்லூரியோ. முதல் மூன்றும் கிண்டி, அடையாறு பக்கம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தோல் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை எல்லாம் நம் பக்கம் வந்தன. ஆராய்ச்சிக்கூடங்கள் அந்தப் பக்கம் போயின. இது என் மனதில் வெகுநாளாக இருக்கும் வருத்தம். சாம்பல் கொட்டுவது இங்கே, அதை அளக்கும் கருவி இருப்பது அங்கே.

பட்டியலைப் பார்ப்பதற்கு முன், இந்த மூன்று இடங்களும் எப்படி வளர்ந்தன என்று தெரிய வேண்டும். மூன்றும் வளர்ந்த விதம் வேறு. ஆய்வுக்கூடத்தில் மாணவிக்குக் கிடைப்பது அதனால்தான் மாறுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5இல் பிறந்தது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களுக்கும் அதே ஆண்டுதான். லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டதால் ஆரம்பத்தில் அதற்கு வகுப்பறையே இல்லை. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். 1904 சட்டம்தான் பல்கலைக்கழகங்களே பாடமும் ஆய்வும் நடத்த வழி திறந்தது. 1923இல் சென்னைக்கென்று வந்த சட்டத்துக்குப் பின் துறைகள் வேரூன்றின. அப்புறம் நடந்ததெல்லாம் பாகப் பிரிவினை. மைசூர் 1916இல் தனியாகப் போனது. ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937, மதுரை 1966. பொறியியல் 1978இல் அண்ணா பல்கலைக்கழகமானது. கோவையும் திருச்சியும் 1982இல் பிரிந்தன. மருத்துவம் 80களின் கடைசியில் போனது, வேலூர்ப் பக்கம் 2002இல். ஒவ்வொரு பிரிவிலும் கல்லூரிகளும் அவற்றின் வருமானமும் போயின. கடைசியில் கையில் நின்றவை சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி வளாகங்களின் துறைகளும், சென்னை வட்டாரத்துக் கல்லூரிகளும்தான்.

அந்தத் துறைகளை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1952இல் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறையைத் தலைமையேற்று நடத்த சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தனக்குப் பதிலாகத் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் காட்டினார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1954இல், கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளைப் பின்னியது போன்ற அமைப்புடையது என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டார்கள். அதற்கான மாதிரி, கங்காருவின் வால் தசைநார், கிடைத்தது அருகிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில்! புரத இழை எப்படியெல்லாம் வளைய முடியும் என்று காட்டும், இன்று உலகமெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் இதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பிறகு அவர் பெங்களூர் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது நம் பக்கத்துக் கதை. ராமானுஜன் 1912இல் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கராக இருந்தார். பட்டம் கிடையாது. 1913இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். விதிப்படி பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க முடியாது என்ற பேச்சு எழுந்தும் கொடுத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் தரம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த 75 ரூபாய்தான்.

சரி, பழம்பெருமை சோறு போடாது. இன்றைய நிலை என்ன? 2023இல், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதன் உச்ச மதிப்பான ஏ பிளஸ் பிளஸ் கொடுத்தது. அதே 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை நியமிப்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இழுபறியானதால் நிர்வாகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. 2024இல் வருமான வரி நிலுவை தொடர்பாக வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடங்களில் பெரும்பகுதி நிரப்பப்படாமல் கிடக்கிறது. மாணவிக்கு இதில் முக்கியமானது இந்தக் கடைசிச் செய்திதான். துணைவேந்தர் இல்லாமல் ஆய்வுக்கூடம் ஓடும், வழிகாட்டி இல்லாமல் ஓடாது.

அண்ணா பல்கலைக்கழகம் வளர்ந்தது சேர்த்துக்கொண்டே போய். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி, இந்த நான்கையும் 1978இல் ஒன்றாக்கினார்கள். 2001இல் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளெல்லாம் இதன்கீழ் வந்தன. நடுவே 2007இல் பிரித்து 2012இல் மறுபடி சேர்த்தார்கள். இன்று 400க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு வினாத்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, முடிவு வெளியிடுவதே அதன் அன்றாட வேலையில் பெரும்பங்கு. அப்படியிருந்தும் 2024இல் மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கியபோது முதலிடம் பிடித்தது. 2025இல் இரண்டாமிடம். இங்கும் 2024 ஆகஸ்டில் துணைவேந்தர் நாற்காலி காலியானது.

ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. அதற்குக் கீழே இணைப்புக் கல்லூரி ஒன்றுகூடக் கிடையாது. மத்திய அரசின் பணமும் ஆசிரியர்களின் நேரமும் அந்தச் சுவருக்குள்ளேயே செலவாகின்றன. பொறியியலில் 2016 முதலும், ஒட்டுமொத்தப் பட்டியலில் 2019 முதலும் ஒவ்வொரு ஆண்டும் முதலிடம் அதற்குத்தான்.

ஆக, பல கல்லூரிகளைச் சுமக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தையும் தன்னை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒரு மத்திய நிறுவனத்தையும் ஒரே ஏணியில் நிறுத்திப் படி எண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்.ஐ.ஆர்.எஃப். மதிப்பெண்ணில் கற்பித்தலுக்கும் வசதிக்கும் 30, ஆய்வுக்கு 30, தேர்ச்சிக்கும் அடுத்த நிலைக்கும் 20, பலதரப்பட்டவரையும் சேர்ப்பதற்கு 10, வெளியுலகம் வைத்திருக்கும் எண்ணத்துக்கு 10. ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் கற்பித்தலில் மதிப்பெண் குறையும், கட்டுரை எண்ணிக்கை விழுவதால் ஆய்விலும் குறையும். ஒரே ஓட்டையில் இரண்டு முறை தண்ணீர் ஒழுகுகிறது. பட்டியலில் ஓர் இடம் சரிந்தால், மீதமிருக்கும் பேராசிரியர் மட்டமானவர் என்று அர்த்தமில்லை. இவள் உட்காரப் போவது பல்கலைக்கழகம் முழுவதிலும் இல்லை, ஒரு துறையில், ஒரு பேராசிரியரின் அறைக்குப் பக்கத்தில். அந்த இடத்தைத்தான் எடைபோட வேண்டும்.

எப்படி எடைபோடுவது? அடுத்த வாரம் வேலைநாளில் நானும் அவளும் மெட்ரோவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் போனோம். விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் ரயில் வந்தது எர்ணாவூர்ப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பஸ்ஸில் பாரிமுனை போய் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு நின்று கிண்டியில் படித்த எனக்குத்தான் தெரியும். சாயங்காலம் லேப் முடிய ஆறு மணியானால், வீட்டு வாசலில் அம்மா நிற்பார்.

துறையில் நுழைந்ததும் அவளை அறிவிப்புப் பலகை முன்னால் நிறுத்தினேன். பிஎச்.டி. முடிப்பவர்களின் பொது வாய்மொழித் தேர்வுக்கான அறிவிப்பை எந்தத் துறையிலும் ஒட்டுவார்கள்: பெயர், தலைப்பு, வழிகாட்டி, தேதி. எத்தனை தாள் ஒட்டியிருக்கிறது, எந்த ஆண்டுத் தேதி, எத்தனை வழிகாட்டிகளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அடுத்து கருவி அறை. எக்ஸ்ரே கருவியின் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் பதிவு நோட்டைப் பார்க்க அனுமதி கேட்டோம். கடைசிப் பதிவு என்றைக்கு? ஸ்லாட் கேட்டு எத்தனை நாளில் கிடைத்திருக்கிறது? துறைக்கு வெளியே இருந்து யாராவது வந்திருக்கிறார்களா? நோட்டு தூசி படிந்திருந்தால் கருவி விலை எத்தனை கோடியானாலும் பயனில்லை. விரல் பட்டுப் பட்டு ஓரம் மடங்கியிருந்தால் அது உயிரோடு இருக்கும் துறை. நாங்கள் பார்த்த நோட்டின் ஓரம் மடங்கியிருந்தது.

அந்த அறையில் இருந்த ஆய்வு மாணவர் ஒருவர் பொறுமையாகக் காட்டினார். பொடியைச் சின்னக் குழியில் நிரப்பி, கண்ணாடித் தகட்டால் வழித்துச் சமமாக்கி உள்ளே வைப்பார்கள். திரையில் கோடு மெல்ல நகரும். எக்ஸ்ரே சிதறும் கோணம் 26.6 டிகிரி அருகில் கூராக ஒரு சிகரம் எழுந்தால் குவார்ட்ஸ், அதாவது மணலில் இருப்பது. நிலக்கரிச் சாம்பலில் அதோடு முல்லைட் என்ற கனிமத்தின் சிகரங்களும் வரும். உலைச் சூட்டைப் பார்த்த பொருள் என்பதற்கு அது சாட்சி. ஆற்றோர மண்ணில் சாம்பல் கலந்திருக்கிறதா என்று பார்க்க இது ஒரு வழி. அவள் பையிலிருந்த பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. கேட்டதற்கு, "சேர்ந்துட்டு உரிமையா கொண்டு வரேன் மிஸ்" என்றாள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. சோத்கங்கா என்ற தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. துறையின் பெயரைப் போட்டுக் கடைசி ஐந்து ஆண்டு ஏடுகளைத் திறந்து நன்றியுரையைப் படியுங்கள். மாதிரியை எங்கே அளந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் உதவினார்கள் எல்லாம் அங்கே மனம்விட்டு எழுதியிருப்பார்கள்.

இனி முடிவுக்கு வருகிறேன்.

ஜாம் எழுதியே ஆக வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதிதான். நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியைத் தப்பாகத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்பதால் கல்லூரித் தேர்வு எழுதிய பழக்கம் உதவாது. ஐ.ஐ.டி. சென்னையில் இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். விடுதியில் தங்கட்டும். வழிகாட்டி, கருவி, பணம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். முதல் செமஸ்டர் ஆங்கிலமும் வேகமும் மிரட்டும். தமிழ் வழியில் படித்த என் மாணவர்கள் அதைத் தாண்டியிருக்கிறார்கள்.

வீட்டில் படிக்க இடமில்லை என்றாள். ஒற்றை அறை, தையல் மெஷின், தம்பி. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த, மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும் முதல்வர் படைப்பகம் போல் நம் வட்டாரத்தில் இன்னும் பத்து இடம் வேண்டும். அதுவரை கல்லூரி நூலகம் மூடும்வரை அங்கேயே இருந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் நம் வீடுகள் ஏமாந்துபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகங்களில் 69 சதவீத இடஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஐ.ஐ.டி.யில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓ.பி.சி.க்கு (இதர பிற்படுத்தப்பட்டோருக்கு) 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. நம் ஊர் சாதிச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஓ.பி.சி. இடம் கிடைக்காது. மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்ற சான்றிதழைத் தனியாக, புதிதாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே மனு போடுங்கள்.

ஐ.ஐ.டி. கிடைக்கவில்லையா? இங்கேதான் என் கருத்து பட்டியலிலிருந்து விலகுகிறது. பட்டியலைப் பார்த்தால் அண்ணா பல்கலைக்கழகம் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு பொறியியல் சம்பாதித்தது. பயன்பாட்டு வேதியியல் படித்து நீர், கழிவு, கடலோரம் என்று போவதானால் அங்கே சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் கடல் மேலாண்மை நிறுவனமும் இருப்பது பெரிய பலம். இவளுடைய பாட்டிலுக்கு அந்த மையங்கள் பொருத்தமானவையே. இருந்தாலும் எம்.எஸ்ஸி.யில் அவளுக்கு முதலில் வேண்டியது அடிப்படை: கனிம வேதியியல், பகுப்பாய்வு, நிறமாலை. அது பகுதி பகுதியாகத் தனித்தனித் துறையாக வளர்ந்திருப்பது கிண்டி வளாகத்தில். கட்டணமும் லாரி ஓட்டும் வீட்டுக்குத் தாங்கும். எனவே இரண்டாவது இடம் சென்னைப் பல்கலைக்கழகம், மூன்றாவது அண்ணா. நான் படித்த இடம் என்ற பாசத்தில் சொல்கிறேனோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அந்த மடங்கிய நோட்டைப் பார்த்த பிறகு இல்லையென்று தோன்றியது. அவள் எழுதிவைத்திருக்கும் வழிகாட்டிகளில் ஓய்வு பெற இன்னும் ஐந்தாண்டாவது இருப்பவர்கள் இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

கருவி இல்லையே என்ற பயம் இதில் வேண்டாம். ஐ.ஐ.டி.க்குள் இருக்கும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாட்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு அளந்து கொடுக்கிறது. ராமச்சந்திரனுக்குக் கங்காரு நார் கிடைத்ததும் இப்படி அக்கம்பக்கத்தில்தானே.

கல்லூரி முதுகலையைக் கடைசியில் வைத்தாலும் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. மாநிலக் கல்லூரி 2022, 2023 இரண்டு ஆண்டும் நாட்டின் கல்லூரிகளில் மூன்றாவது. நோபல் பரிசு பெற்ற ராமனும் சந்திரசேகரும் படித்த இடம். வீட்டுச் சம்பாத்தியம் தடுமாறினால், டியூஷன் எடுத்துக்கொண்டே படிக்க வேண்டியிருந்தால், அது நல்ல தேர்வு. ஒரு கணக்கை மட்டும் வீட்டில் பேசிவிடுங்கள்: 2022 செப்டம்பரில் இவள் கல்லூரியிலேயே தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும்.

எம்.எஸ்ஸி. இடத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். அந்த உதவித்தொகை மாணவியோடு வரும். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த வழிகாட்டி வேண்டுமோ அங்கே போகலாம். கிண்டியில் எம்.எஸ்ஸி., ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. என்று போனவர்களும் உண்டு, கல்லூரியில் படித்துவிட்டு அண்ணாவுக்குப் போனவர்களும் உண்டு.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அம்மாவுக்கு போன் போட்டாள். அவர் ஐ.ஐ.டி. பற்றியும் கேட்கவில்லை, தரவரிசை பற்றியும் கேட்கவில்லை. "அந்த லேப்ல பொம்பளப் புள்ளைங்க இருந்தாங்களா?" என்றுதான் கேட்டார். இருந்தார்கள். ஐந்து பேரில் மூன்று பேர். அதையும் அவள் நோட்டில் குறித்துவைத்திருந்தாள்.